மண்ணை வெட்டுவதற்கு முன்னால்

2023 ஆகஸ்டில் நாங்கள் செய்த ஒரு வேலையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். பிளான் பாஸ் பண்ணுவதற்கு முன்பே பெக்கோ மிஷினைக் கூப்பிட்டு மண்ணை வெட்டினோம். பக்கத்துக் காணியில் வேலை முடிந்து மிஷின் சும்மா நின்றது. "இப்பவே வெட்டினா மிஷின் கொண்டுவர்ற கூலி மிச்சம் அக்கா, பிளான் அது பாட்டுக்கு வரும்" என்றான் தம்பி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் சரி என்றேன்.

காணி 12 பேர்ச். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனுக்குச் சற்று வெளியே, பாதையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருக்கிறது. அப்பா 34 வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். அதில் பாதிக்கு மேல் கான் வெட்டு வேலை, அதாவது மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுவது. அவருடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணமும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து நான் சேர்த்த பணமும் சேர்ந்து வாங்கிய காணி அது. எங்கள் குடும்பத்தில் லயக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) வெளியே, சொந்த உறுதிப் பத்திரத்தோடு வாங்கிய முதல் நிலம். அதனால்தான் அவ்வளவு அவசரம் எங்களுக்கு.

இரண்டு நாளில் சரிவைக் குடைந்து, பின்பக்கம் 11 அடி உயரத்துக்கு நெட்டுக்குத்தாக ஒரு வெட்டு நின்றது. வெட்டிய மண்ணை மிஷின்காரர் கீழ்ப்பக்கம் தள்ளி மட்டப்படுத்தினார். பார்க்க அழகாக, கிரிக்கெட் விளையாடலாம் போல ஒரு தரை. அப்பா மட்டும் அந்தத் தரையின் ஓரத்தில் காலால் மிதித்துப் பார்த்து, "இது மண் இல்ல, மாவு. மழை வந்தா நிக்காது" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

ஒக்டோபர் மழை வந்தது. ஒரே இரவில் அந்தத் தள்ளுமண்ணில் பாதி இறங்கி, கீழ்வீட்டு மாமியின் குசினி வாசல்வரை சேறு போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பின்பக்க வெட்டிலிருந்தும் ஒரு துண்டு கழன்று விழுந்திருந்தது. மாமி பிரதேச சபையில் முறையிட்டார். அவர் செய்ததுதான் சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு வாரத்துக்குள் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது.

அதன்பிறகு வீடு கட்டி முடிய ஒன்றரை வருடம் போனது. அந்தக் காலத்தில் நான் படித்ததை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்களைப் போல முதல்முறையாகக் காணி வாங்கி வீடு கட்டுகிற குடும்பங்கள் இப்போது மலையகத்தில் நிறைய இருக்கின்றன. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடிதம் வந்த பிறகு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணிக்கு வந்தார். டீ.ஓ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் வெட்டைப் பார்த்தார், கீழே போய் மாமி வீட்டையும் பார்த்தார், பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்: "டீச்சர், என்.பி.ஆர்.ஓ. ரிப்போட் எடுத்தீங்களா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைத்தான் என்.பி.ஆர்.ஓ. என்கிறார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி உட்பட மண்சரிவு அபாயம் உள்ள 10 மாவட்டங்களில், சபை கட்டட அனுமதி கொடுப்பதற்கு முன் இந்த நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும் என்று 2011இல் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அவர்களிடம் 10,000க்கு 1 அளவில் வரைந்த மண்சரிவு அபாய வரைபடங்களும் இருக்கின்றன. உங்கள் காணி அந்தப் படத்தில் எந்த நிறத்தில் விழுகிறது என்பதைக் காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். நாங்கள் உறுதி எழுதி இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தக் கதவைத் தட்டினோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடிப்போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். இது தெரிந்திருந்தும், நம் சொந்தக் காணி என்று வரும்போது மண்சரிவு என்பது எங்கோ தூரத்துத் தோட்டத்தில் நடப்பது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விண்ணப்பத்தோடு உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டப்போகும் வீட்டின் வரைபடம், காணிக்கு வரும் வழி எல்லாம் கொடுத்துக் கட்டணமும் கட்டினோம். சில வாரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அன்றைக்கு அவர் செய்த காரியங்கள் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

முதலில் அவர் எங்கள் காணியைப் பார்க்கவே இல்லை. மேலே ஏறிப் போனார். அடுத்தவர் காணி தாண்டி, பாதைக்கு மேலே இருந்த யூக்கலிப்டஸ் மரங்கள்வரை போய் நின்று பார்த்தார். மரங்களின் அடி நேராக இல்லாமல் கீழ்ப்பக்கம் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கிறதா என்று தேடினார். அப்படி இருந்தால் மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் மேட்டில் மரங்கள் நேராக நின்றன. அடுத்து அயல்வீடுகளின் சுவர்களில் வெடிப்புத் தேடினார். அப்புறம்தான் எங்கள் வெட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, தலைக்கு மேலே ஓர் இடத்தில் மண்ணுக்குள் குத்தினார். சுலபமாக முழுப் பேனையும் போனது. நெஞ்சுயரத்தில் குத்தினார், பாதி போனது. முழங்கால் உயரத்தில் குத்தி வெளியே எடுத்தபோது பேனையின் நுனியில் ஈரம். அன்று மழை பெய்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. அந்த ஈரமண்ணைக் கொஞ்சம் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "பிசைஞ்சு பாருங்க மிஸ்" என்றார். களி மாதிரி வழுக்கியது.

"இங்க தண்ணி எங்கேருந்து வருது?" என்று பொதுவாகக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அப்பாதான் பதில் சொன்னார். மேலே உள்ள பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் போக்கு அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்த இடத்தில் குறுக்கே பாய்கிறது, மழை விட்டு எத்தனை நாள் கழித்தும் எந்த மூலையில் புல் பச்சையாக இருக்கிறது, அந்த மூலையில் முன்பு ஊற்று இருந்திருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தேயிலை மலையில் கான் வெட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு கையோடு வந்தது. சரிவுக்குக் குறுக்காக, தண்ணீர் ஓடியும் ஓடாமலும் இருக்கிற மாதிரி ஒரு வாட்டத்தில் வெட்ட வேண்டும். வாட்டம் கூடினால் தண்ணீர் கானையே அரித்துக்கொண்டு போகும், குறைந்தால் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். அதிகாரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அப்பா சொன்னதை எழுதிக்கொண்டார். "ஐயா, இத முதல்லயே இவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கையில் நிபந்தனைகள் வந்தன. கீழ்ப்பக்கம் தள்ளிய மண்ணை அகற்ற வேண்டும். வெட்டின் அடியிலிருந்து வீட்டைத் தள்ளிக் கட்ட வேண்டும். வெட்டுக்குத் தண்ணீர் வெளியேறும் துளைகளோடு தாங்குசுவர் வேண்டும். வெட்டின் உச்சிக்கு மேலே சீமெந்து பூசிய கான் ஒன்று வேண்டும். கூரைத் தண்ணீர் ஒரு சொட்டும் நிலத்தில் விழாமல் பீலி போட்டுக் குழாய் வழியாகக் கானுக்குக் கொண்டுபோக வேண்டும். மாடி கிடையாது. படித்தபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன், ஏறக்குறைய எல்லா நிபந்தனையும் தண்ணீரைப் பற்றியது.

அப்போதுதான் எங்கள் பிளானின் குறையும் தெரிந்தது. முதலில் படம் வரைந்தவர் காணிக்கு வரவே இல்லை. அளவு கேட்டு, மூன்று அறை, ஹோல், குசினி என்று ஒரு சமதரை வீட்டைக் கீறித் தந்தார். சரிவில் சமதரை வீட்டை வைக்க வேண்டுமானால் மலையைச் சமதரையாக்க வேண்டும். 11 அடி வெட்டு அந்தப் படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டாவதாக வேறொருவரைப் பிடித்தோம். அவர் வந்து, நூல் கட்டி மட்டம் பார்த்து, வீட்டை இரண்டு படியாகப் பிரித்தார். ஹோலும் ஓர் அறையும் மேல்மட்டத்தில். நாலு படி இறங்கினால் குசினியும் மற்ற அறைகளும். முதலிலேயே இப்படி வரைந்திருந்தால் எந்த இடத்திலும் ஐந்து அடிக்கு மேல் வெட்டியிருக்கத் தேவையில்லை என்றார். எங்கள் தாங்குசுவருக்கு மட்டும் ஒன்பது இலட்சம் ரூபாவுக்கு மேல் போனது. அதில் பெரும்பகுதி அந்த இரண்டு நாள் பெக்கோ வேலையின் விலை. காணியில் கால் வைக்காதவரிடம் மலைநாட்டில் பிளான் வாங்காதீர்கள். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் அழுத்திச் சொல்வேன்.

சரி, சபைக்கு வருவோம்.

விண்ணப்பப் படிவத்தோடு படத்தின் பிரதிகள், உறுதி, நில அளவைப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு, என்.பி.ஆர்.ஓ. அறிக்கை எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

ஒன்று, காணியைத் துண்டு பிரித்த விதம். எங்களுக்கு விற்றவர் பெரிய காணியை நாலாகப் பிரித்து விற்றிருந்தார். உறுதி சரி, அளவைப் படமும் சரி. ஆனால் அந்தப் பிரிப்புக்குச் சபையின் அனுமதி எடுக்கவில்லை. உறுதியைப் பார்த்த சட்டத்தரணி உரிமையைத்தான் பார்த்தார், இதைப் பார்க்கவில்லை. விற்றவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி இதைச் சரிசெய்ய மூன்று மாதம் போனது. காணி வாங்கும்போது அளவைப் படத்தில் சபை அங்கீகரித்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். காணியின் அளவையும் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் பொதுவாக 150 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டில் வீட்டுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.

மற்றது பாதை. முன்பக்கம் போகும் பாதை யாருக்குச் சொந்தம் என்று கேட்டார்கள். ஏ, பி வகைப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை மாகாண நிர்வாகத்துக்கும், மற்றச் சின்னப் பாதைகள் சபைக்கும் உரியவை. ஒவ்வொன்றுக்கும் கட்டட எல்லை வேறு. எங்கள் பழைய பிளானில் விறாந்தை அந்த எல்லைக்குள் மூன்று அடி நுழைந்திருந்தது. புதிய படத்தில் விறாந்தையைச் சுருக்கினோம். இதில் வேறு கஷ்டம் இல்லை, முன்பே கேட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலசலகூடக் குழியை வீட்டுக்குக் கீழே, காணியின் அடி மூலையில் காட்டியிருந்தோம். அவர் அந்த மூலையில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். மாமி வீட்டு ஊற்றுத் தண்ணீர்ப் பீலி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து நாலு குடும்பமும் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். நாடாவைப் பிடித்து அளந்தால் 38 அடி. குறைந்தது 50 அடி வேண்டும், அதுவும் சரிவில் நேர் மேலே இருக்கவே கூடாது என்றார். குழியை மறுபக்கம் மாற்றினோம். அதற்காகக் குசினியும் குளியலறையும் இடம் மாறின. அந்த மாற்றத்துக்குக் கிடைத்த பலன், மாமி எங்களோடு மறுபடி பேசத் தொடங்கினார். பரிசோதகர் அளந்ததை அவர் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஓட்டத்தின் நடுவில், "பதினையாயிரம் குடுத்தா ஒரு கிழமையில எடுத்துத் தாறேன்" என்று வெளியே ஒருவர் வந்தார். அவர் எந்த அலுவலகத்திலும் வேலை செய்பவரல்ல. தம்பிக்கு ஆசைதான். நான் மறுத்ததற்குக் காரணம், அப்படி வருகிற கடதாசியில் அந்தப் பேனை குத்திய ஈரம் இருக்காது. யாரும் வந்து பார்க்காமல் கிடைக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு அந்த வெட்டுக்குக் கீழே என் பிள்ளைகளைத் தூங்க வைக்க என்னால் முடியாது. உத்தியோகத்தர் யாராவது கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

தாமதம் வந்தது. ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு இரண்டு மாதம் அசையவில்லை. போகும்போதெல்லாம் "கமிட்டிக்குப் போகும்" என்பார்கள். கடிதங்களும் சிங்களத்தில் மட்டும் வந்தன. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. உறுதி அவர் பெயரில். தன் காணியைப் பற்றி வந்த கடிதத்தை இன்னொருவர் வாசித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டு அவர் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. தமிழும் அரசகரும மொழி. தமிழில் கடிதம் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் நமக்கு அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. அடுத்த கடிதத்தைத் தமிழில் எழுதி, பதிலும் தமிழில் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் கொடுத்தேன். கேட்டது மூன்றே விஷயம்: கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன குறைபாடு, திட்டமிடல் குழு அடுத்து எப்போது கூடுகிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது, தமிழிலேயே வந்தது. ஒரு கையெழுத்துக் குறைவு, அவ்வளவுதான். யாரோடும் சண்டை போடவில்லை. அந்த மேசையில் இருந்த தங்கை பிறகு எங்களுக்கு நிறைய உதவினார்.

அனுமதி வந்தது. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வேலை இழுத்தால் முடியும் முன்பே நீடிக்கக் கேட்க வேண்டும். கடன் பணம் தவணை தவணையாகத்தான் வரும், மழைக்காலத்தில் வேலை நிற்கும், ஆகவே மலைநாட்டில் ஒரு வருடம் என்பது மிகவும் குறுகியது. எங்கள் அனுமதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நீடிப்புக்கு எழுதிக்கொடுத்தோம்.

கட்டும்போது நான் பிடிவாதமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. மூடப்போகும் எதையும் டீ.ஓ. பார்க்காமல் மூடக்கூடாது. அத்திவாரக் குழிக்குக் கொங்கிரீட் போடும் முன், மலசலகூடக் குழியை மூடும் முன், தாங்குசுவரின் பின்புறத்தை நிரப்பும் முன் அழைத்தோம். மேசன் பாஸுக்கு இது பிடிக்கவில்லை. "முப்பது வருசமா கட்டுறேன் மிஸ், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவர் கைவேலையில் குறையே இல்லை. ஆனால் தாங்குசுவர் முடிந்த வாரம் மழை கறுத்துக்கொண்டு வந்தது, டீ.ஓ. வர நாலு நாள் ஆகும் என்றார்கள், பாஸ் பின்புறத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில். அப்பா போன் எடுத்தார். ஓடிவந்து பார்த்தால் முக்கால்வாசி மூடியாகிவிட்டது. நல்லவேளை, அதுவரை தினமும் நாடாவை வைத்துப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

டீ.ஓ. வந்தார். போட்டோக்களைப் பார்த்தார், ஆனால் அதோடு விடவில்லை. சுவரில் தண்ணீர் வெளியேற எட்டு வீப் ஹோல், எட்டும் பி.வி.சி. குழாய். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சுவருக்குப் பின்னால் ஒவ்வொரு குழாய்க்கும் நேரே ஊற்றினார். நாங்கள் முன்னால் குந்தியிருந்து பார்த்தோம். முதல் குழாயில் கொஞ்ச நேரத்தில் மண்கலங்கலாக ஒரு கோடு வந்து, பிறகு தெளிந்த தண்ணீர் சொட்டியது. இரண்டாவதும் வந்தது. ஆறு குழாயில் வந்தது. ஓரத்தில் இருந்த இரண்டில் வரவில்லை. இன்னொரு வாளி ஊற்றினோம், அப்போதும் வரவில்லை. அந்த இடத்தைத் தோண்டச் சொன்னார். குழாய் வாயில் போட வேண்டிய சல்லிக்கல் இல்லை, களிமண் நேராக ஒட்டியிருந்தது. சல்லி தீர்ந்துபோய், மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். பாஸ் எதுவும் பேசாமல் இறங்கி, தானே தோண்டி, சல்லி போட்டு மறுபடி நிரப்பினார். சுவருக்குப் பின்னால் நிரம்பத் தண்ணீர் தேங்கினால் சுவருக்கு என்ன பாரம் வரும் என்று டீ.ஓ. அவருக்கும் எங்களுக்கும் சேர்த்து விளங்கப்படுத்தினார். கல்லால் கட்டிய சுவர் மண்ணைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது.

பிளானில் இல்லாத ஒரு ஜன்னலைக் கூட அறிவிக்காமல் வைக்காதீர்கள். குசினியை இரண்டடி நீட்டினோம், அதற்குத் திருத்திய படம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் கடைசியில் இணக்கச் சான்றிதழில் மாட்டியிருப்போம். அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்று சபை தரும் சான்றிதழ் அது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் அது இல்லாமல் குடியேறவே கூடாது. நிறையப் பேர் பால் காய்ச்சியதோடு அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ போகும்போது, டீ.ஓ. மாறி, பாஸ் ஊரை விட்டுப் போய், போட்டோவும் இல்லாமல் அலைகிறார்கள். எங்கள் வீட்டுக்கு 2025 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. உறுதியோடு சேர்த்து அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது என் சின்னம்மாவின் நினைவு வராமல் இல்லை. அவர்கள் இன்னும் தோட்டத்து லயத்தில்தான். காம்பராவுக்கு முன்னால் ஒரு கூடாரம் நீட்ட வேண்டுமானாலும் தோட்ட நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். உறுதி இல்லாததால் சபைக்கு விண்ணப்பம் போட முடியாது. வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களுக்கும் கையில் உறுதி வந்துசேர்வது பெரிய காத்திருப்பு. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்திய பிறகுதான் தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்ய வழி திறந்தது. நான் மேலே சொன்ன பரிசோதனை எல்லாம் நிலம் உள்ளவருக்குத்தான். மண்சரிவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் அபாயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்க உறுதி தேவையில்லை. சுவரில் வெடிப்பு, நிலத்தில் பிளவு, புதிதாக ஊற்று, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, இவற்றில் எதைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுங்கள், திகதியிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மாவின் லயத்துக்கு அப்படி ஒரு கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வந்து பார்த்தார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறியே ஆக வேண்டும். இதை நான் பிள்ளைகளுக்கு வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தம்பி, "நம்ம வீடுதான் எல்லாம் பார்த்துக் கட்டினதாச்சே" என்றான். அப்பா அவனுக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மாமியும் எங்களோடு வந்தார். அனுமதி எங்கள் காணிக்குத்தான் எடுத்தோம், மேலே உள்ள மலைக்கு எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் போகலாம் என்று சொன்ன பிறகு திரும்பினோம். வீடு நின்றது, சுவரும் நின்றது. அப்பா உள்ளே போகவில்லை. நேராகப் பின்பக்கம் போய், சுவருக்கு முன்னால் குந்தி ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். ஏழில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் கலங்கல். மேலே கானுக்கு ஏறிப் பார்த்தால், ஒரு முனையில் யூக்கலிப்டஸ் இலையும் மண்ணும் அடைத்து, கானின் சீமெந்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அன்று மாலையே அப்பா மண்வெட்டியால் அடைப்பை எடுத்துவிட்டார். அடுத்த நாள் மறுபரிசோதனைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, வெடிப்பில் நாடாவை வைத்து எடுத்த இரண்டு போட்டோக்களையும் சேர்த்து, மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அதிகாரி வரும்வரை பின்பக்க அறையில் யாரும் படுப்பதில்லை.